நெஞ்சுக்குப் போட்ட மருந்து, இடுப்பு மூட்டில் வந்த வலி

(மாட்டுங்காவில் தமிழ் அன்பர்கள் கூடிய கூட்டமொன்றில் எலும்பு மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2021 ஜூலை முதல் வாரத்தில் மும்பைப் பத்திரிகைகளில் ஒரு செய்தி வந்தது. கொரோனா இரண்டாம் அலை அப்போதுதான் அடங்கியிருந்தது, கருப்புப் பூஞ்சை பயம் இன்னும் அடங்கவில்லை. மாஹிமில் இருக்கிற ஹிந்துஜா மருத்துவமனையில், கொரோனாவிலிருந்து மீண்ட மூன்று பேருக்கு இடுப்பு மூட்டில் எலும்பு செத்துப்போயிருக்கிறது என்பதுதான் செய்தி. மூவரும் நாற்பது வயதைத் தொடாதவர்கள். நமக்கு அது ஏதோ தூரத்துச் சங்கதி அல்ல. தாராவியில் ஏறி மாஹிமில் இறங்குகிற தூரம்.

அந்த மூவரைப் பற்றி டாக்டர் சஞ்சய் அகர்வாலாவும் அவருடன் பணியாற்றியவர்களும் ‘பி.எம்.ஜே. கேஸ் ரிப்போர்ட்ஸ்’ என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். சின்னக் கட்டுரைதான். அதில் இருந்த இரண்டு எண்கள் என்னைப் போன்றவர்களைத் திடுக்கிட வைத்தன. ஒன்று 58. கொரோனா என்று தெரிந்த நாளிலிருந்து சராசரியாக 58 நாளில் வலி தொடங்கிவிட்டது. அழற்சியை அடக்கக் கொடுக்கிற ஸ்டீராய்டு மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கு இப்படி எலும்பு சாவதற்கு வழக்கமாக ஆறு மாதம், ஒரு வருடம் ஆகும். இன்னொன்று 758. அந்த மூவருக்கும் கொரோனாவுக்காகக் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டின் சராசரி மொத்த அளவு, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டின் கணக்கில் 758 மில்லிகிராம். மூவரில் குறைந்தவருக்கு 400, கூடியவருக்கு 1250. அதுவரை நாங்கள் படித்திருந்த புத்தகங்கள் 2000 மில்லிகிராம் தாண்டினால்தான் இந்த ஆபத்து என்று சொல்லிக்கொண்டிருந்தன.

அப்படியானால் மிச்சத்தைச் செய்தது யார்? வைரஸா? இதுதான் இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம். மூச்சுக்குழாயில் வருகிற வைரஸ் நோய் எலும்பு வரைக்கும் எப்படிப் போகிறது, அதில் நோயின் பங்கு எவ்வளவு, மருந்தின் பங்கு எவ்வளவு என்று பார்க்கலாம்.

முதலில் எலும்பு என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. பள்ளிக்கூடத்தில் தொங்கவிட்டிருந்த எலும்புக்கூட்டைப் பார்த்துப் பார்த்து, எலும்பு ஒரு காய்ந்த கட்டை என்ற எண்ணம் நம் மனதில் ஊறிவிட்டது. அது உயிருள்ள உறுப்பு. ரத்தம் ஓடுகிறது. ஒரு வகைச் செல்கள் பழைய எலும்பைக் கரைத்துக்கொண்டே இருக்கும், இன்னொரு வகை புது எலும்பைக் கட்டிக்கொண்டே இருக்கும். இரண்டும் சமமாக நடக்கிறவரை நமக்கு எதுவும் தெரியாது. எந்த நோய் கரைக்கிற கையை ஓங்கச் செய்தாலும், எந்த மருந்து கட்டுகிற கையைக் கட்டிப்போட்டாலும் எலும்பு இளைக்கும். இது உடம்பு முழுக்க நடக்கிற தேய்மானம். இதோடு சேராத இன்னொரு நோயும் உண்டு. ஒரே இடத்தில் ரத்த ஓட்டம் நின்று, அந்தத் துண்டு எலும்பு மட்டும் செத்துப்போவது. ‘அவாஸ்குலர் நெக்ரோசிஸ்’ என்று பெயர். நோயாளிகளே இப்போது ஏ.வி.என். என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

ஏ.வி.என். அதிகம் வருகிற இடம் தொடையெலும்பின் தலை. இடுப்புக் குழிக்குள் உருண்டையாக உட்கார்ந்திருக்கிறதே, அதுதான். ஏன் அந்த இடம்? தாராவிச் சந்துகளில் குடிதண்ணீர்க் குழாய் வருகிற விதத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். முதல் கோலியில், அதாவது முதல் ஒற்றையறை வீட்டில், குடம் நிரம்பி வழியும், சந்தின் கடைசிக் கோலியில் சொட்டுத்தான் விழும், நடுவில் யாராவது மோட்டார் போட்டால் அதுவும் கிடையாது. தொடையெலும்பின் தலை அந்தக் கடைசிக் கோலி. எலும்பின் கழுத்தை ஒட்டி ஏறி வருகிற மெல்லிய சில ரத்தக்குழாய்களை நம்பித்தான் அது இருக்கிறது. அவை அடைபட்டால் மாற்றுவழி போதாது.

இனி வைரஸுக்கு வருவோம். நுரையீரலில் தொற்று கடுமையாகும்போது உடம்பு தற்காப்புக்காக அழற்சிப் பொருள்களை ரத்தத்தில் கொட்டுகிறது. கொரோனா காலத்தில் ‘சைட்டோகைன் புயல்’ என்று டிவியில் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கும். இந்தப் பொருள்கள் நுரையீரலோடு நிற்பதில்லை. எலும்புக்குள் போய், கரைக்கும் செல்களை முடுக்கிவிடுகின்றன. ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிரிய வெள்ளெலிகளுக்குக் கொரோனா வைரஸைச் செலுத்திப் பார்த்து 2022இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். அந்த எலிகளின் நீண்ட எலும்புகளிலும் முதுகெலும்பிலும் உட்பக்கப் பஞ்சுப் பகுதி கணிசமாகக் கரைந்திருந்தது. நோய் தணிந்த பிறகும் அந்த இழப்பு தொடர்ந்தது. எலி வேறு, மனிதன் வேறு. ஆனாலும் மருந்து எதுவும் இல்லாமலேயே வைரஸ் எலும்பைக் கரைக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

அதோடு கொரோனா வைரஸ் ரத்தக்குழாய்களின் உள்சுவரை வீங்க வைக்கிறது, ரத்தம் உறைவதை ஊக்குவிக்கிறது. காலில், நுரையீரலில் ரத்தக்கட்டி வந்து இறந்தவர்களைப் பற்றி நாமெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறோம். தொடையெலும்பின் தலைக்குப் போகிற மயிரிழைக் குழாய்களில் அதே உறைவு நடந்தால்? அகர்வாலா குழுவின் மூன்று நோயாளிகளுக்குக் குறைந்த மருந்திலும் சீக்கிரத்திலும் எலும்பு செத்ததற்கு வைரஸும் ஒரு கை கொடுத்திருக்கலாம் என்ற ஊகம் இங்கிருந்துதான் வருகிறது. ஊகம் என்றுதான் சொல்கிறேன். மூன்று பேரை வைத்து விகிதக் கணக்குப் போட முடியாது. எத்தனை ஆயிரம் பேர் அதே அளவு மருந்து சாப்பிட்டுவிட்டு இன்றைக்கும் தாதர் பாலத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மருந்தின் கதையோ ரொம்பப் பழையது. ஸ்டீராய்டைக் கண்டறிந்து மருந்தாக்கிய ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டீராய்டால் எலும்பு செத்துப்போகும் என்று 1957லேயே இத்தாலியிலிருந்து எழுதிவிட்டார்கள். ஏழே வருடம். ஸ்டீராய்டு என்ன செய்கிறது? எலும்பு மஜ்ஜையில் இருக்கிற கொழுப்புச் செல்களை ஊத வைக்கிறது. எலும்பு இறுகிய பெட்டி, விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறி, ரத்தக்குழாய் நெரிபடும். ரத்தம் உறைகிற தன்மையும் கூடும். கட்டும் செல்களும், எலும்புக்குள்ளேயே குடியிருக்கிற முதிர்ந்த செல்களும் சாகும். இப்படிப் பல பக்கமிருந்தும் அடி.

இதைப் பெரிய அளவில் உலகத்துக்குக் காட்டிய வருடம் 2003. அந்த வருடம் சார்ஸ் பரவியது. கொரோனாவுக்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாங்காங்கில் மட்டும் 1755 பேருக்கு வந்து 299 பேர் இறந்தார்கள். மருந்து எதுவென்று தெரியாத நிலையில் அங்கும் பெய்ஜிங்கிலும் ஸ்டீராய்டை அள்ளிக் கொடுத்தார்கள். பிழைத்தவர்களில் 254 பேருக்கு ஹாங்காங் மருத்துவர்கள் பின்னால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 12 பேருக்கு இடுப்பிலோ முழங்காலிலோ எலும்பு செத்திருந்தது. அதிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிரெட்னிசோலோன் கணக்கில் மொத்தம் 3000 மில்லிகிராமுக்குக் குறைவாக எடுத்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இல்லை, 0.6 சதவீதம். அதற்கு மேல் எடுத்தவர்களில் 13 சதவீதம். 2005இல் ‘ரேடியாலஜி’ இதழில் வெளியான கணக்கு இது. மருந்தின் அளவு ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது என்பது இதற்குப் பிறகு விவாதத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

பெய்ஜிங்கில் இன்னும் உருக்கமான ஆய்வு. மக்கள் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கும்போதே சார்ஸ் தொற்றிய 71 மருத்துவப் பணியாளர்களை 2003 முதல் 2018 வரை பதினைந்து ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். நுரையீரலில் இருந்த தழும்புகள் பெரும்பாலும் முதல் ஓரிரு வருடத்திலேயே குறைந்துவிட்டன. இடுப்பு எலும்பு செத்தவர்களுக்கும் முதல் இரண்டு ஆண்டு கொஞ்சம் தேறியது, அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. பிறரைக் காப்பாற்றப் போய் நோய் வாங்கியவர்கள் அவர்கள். பதினைந்து வருடம் கழித்து நோயின் அடையாளம் மூச்சைவிட நடையில்தான் மிஞ்சியிருந்தது.

இதைக் கேட்டதும் “ஸ்டீராய்டே விஷம்” என்று யாரும் எழுந்து போய்விடக் கூடாது. 2020 ஜூன் 16ஆம் தேதி பிரிட்டனின் ‘ரெக்கவரி’ ஆய்வு முடிவு வந்தது. தினம் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், அதிகம் போனால் பத்து நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இந்த மருந்து இல்லாதவர்கள் 41.4 சதவீதம் பேர் இறந்தார்கள், மருந்து கிடைத்தவர்கள் 29.3 சதவீதம். ஆக்சிஜன் மட்டும் வைத்திருந்தவர்களிலும் சாவு குறைந்தது. சில ரூபாய் விலையுள்ள ஒரு பழைய மருந்து செய்த காரியம் இது. அந்த நேரத்தில் இதைவிட நல்ல செய்தி எதுவும் இல்லை. ஆனால் அதே ஆய்வு, ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கு ஸ்டீராய்டால் பலன் இல்லை என்றும் காட்டியது. மருந்து கிடைத்தவர்களில் 17.8 சதவீதமும் கிடைக்காதவர்களில் 14 சதவீதமும் இறந்திருந்தார்கள். பலன் இல்லை, கெடுதலும் இருக்கலாம்.

இந்தப் பின்பாதி நம் ஊர் மெடிக்கல் கடைகளுக்கு வந்து சேரவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். டெக்ஸாமெத்தசோன் 0.75 மில்லிகிராம், பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராமுக்குச் சமம். மெத்தில்பிரெட்னிசோலோன் என்றால் 4 மில்லிகிராம். ஆக, தினம் 6 மில்லிகிராம் டெக்ஸா என்பது 40 மில்லிகிராம் பிரெட்னிசோலோன். பத்து நாளைக்கு 400. ஹிந்துஜா நோயாளிகளில் குறைந்த அளவு 400 என்றேனே, அது ஏறக்குறைய ‘ரெக்கவரி’ ஆய்வின் முழு அளவு. சராசரி 758 என்பது அதே மருந்தைப் பத்தொன்பது நாள் சாப்பிட்டதற்குச் சமம். 1250 என்றால் ஒரு மாதம். பத்து நாள் முடிந்ததும் நிறுத்தியிருந்தால் 400ஓடு போயிருக்கும். பயத்தில் நீட்டியது, “இருமல் இன்னும் போகவில்லை” என்று அதே சீட்டைக் காட்டி மறுபடியும் வாங்கியது, வேறொரு டாக்டரிடம் போய் முதல் டாக்டர் கொடுத்ததைச் சொல்லாமல் இன்னொரு சுற்று வாங்கியது என்று ஏறினால் தொகை எங்கே போகும் என்று நீங்களே கூட்டிக்கொள்ளலாம்.

தாராவியைப் பற்றி இந்த இடத்தில் பேசியாக வேண்டும். 2020 ஏப்ரல் 1ஆம் தேதி அங்கே முதல் நோயாளி. அன்றைக்கே அவர் சயான் ஆஸ்பத்திரியில் இறந்தார். இரண்டரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லாத இடம், பத்துக்குப் பத்து அறையில் ஏழெட்டுப் பேர், பொதுக் கழிப்பிடம். அவ்வளவுதான், தாராவி முடிந்தது என்று ஊரே பேசியது. மாநகராட்சி ஆட்களும் அங்கேயே கிளினிக் வைத்திருக்கிற டாக்டர்களும் வீடு வீடாகப் போய், ஆக்சிஜன் அளவு பார்த்து, நோய் நம்மைத் தேடி வருமுன் நாம் அதைத் தேடிப் போவோம் என்று வேலை செய்தார்கள். ஜூலை 10ஆம் தேதி உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவி பெயரைச் சொல்லிப் பாராட்டினார். நம் ஆட்கள் தொண்ணூறு அடி ரோட்டில் நின்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள அதைவிடக் காரணம் வேண்டாம்.

இரண்டாம் அலையில் நிலைமை வேறு. படுக்கை இல்லை, ஆக்சிஜன் இல்லை, வாட்ஸ்ஆப்பில் ஒரு மருந்துச் சீட்டின் படம் சுற்றியது. பேர் யாருடையது, வயது என்ன, சர்க்கரை உண்டா என்று எதுவும் பார்க்காமல் அதையே காட்டி ஆயிரம் பேர் மருந்து வாங்கினார்கள். லேசான காய்ச்சலுக்கே முதல் நாளிலேயே ஸ்டீராய்டு. 2021 மே மாதம் எய்ம்ஸ் இயக்குநர் ரந்தீப் குலேரியா ஸ்டீராய்டைத் தாறுமாறாகப் பயன்படுத்துவதுதான் கருப்புப் பூஞ்சைக்கு முக்கியக் காரணம் என்று எச்சரித்தார். பூஞ்சை கண்ணைப் பறித்ததால் உடனே தெரிந்தது. எலும்பு அப்படி உடனே காட்டிக்கொடுக்காது.

அந்தப் பழக்கம் கொரோனாவோடு போய்விட்டதா? மழைக்காலம் வந்தால் இன்ஃப்ளூயன்சா, மூன்று வாரம் விடாத இருமல். இன்றைக்கும் காகிதப் பொட்டலத்தில் பேரில்லாத நாலைந்து மாத்திரைகளைப் போட்டு, காலை ஒன்று ராத்திரி ஒன்று என்று கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே நாளில் தெம்பு வந்துவிடும், பசி எடுக்கும், உடம்பு வலி பறந்துவிடும். “கைராசிக்காரர்” என்று பேர் வரும். அந்தக் கைராசி பல நேரம் ஸ்டீராய்டுதான். காய்ச்சல் வந்தாலும் இரண்டு நாளில் வேலைக்குத் திரும்ப வேண்டிய கட்டாயம் உள்ளவனிடம் பத்து நாள் படுத்திரு என்று சொல்வது எளிது, அவனுக்கு யார் கூலி கொடுப்பது என்பதையும் நான் மறக்கவில்லை. அதனால் நோயாளியைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை. பொட்டலம் கட்டுகிறவரைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். சீட்டை எறியாதீர்கள். மாத்திரை அட்டையைக்கூட எறியாதீர்கள். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்ற இந்த மூன்றும் உங்களிடம் இருந்தால் ஆறு மாதம் கழித்து வருகிற வலிக்கு என்னால் காரணம் சொல்ல முடியும். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டாலும் போதும். வைசோலோன், மெட்ரால், டெக்சோனா, டெஃப்ளசகார்ட் என்று எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு வகை. பேரில்லாத மாத்திரையை மட்டும் வாங்காதீர்கள்.

வலி எங்கே வரும்? இடுப்பு வலி என்று சொல்லி வருகிறவர்களில் பாதிப் பேர் முதுகின் அடிப்பகுதியைக் காட்டுவார்கள். ஏ.வி.என். வலி அங்கே இல்லை. முன்பக்கம், தொடையும் அடிவயிறும் சேருகிற இடுக்கில். அங்கிருந்து தொடை வழியாக முழங்கால் வரை இறங்கும். சில பேருக்கு முழங்காலில் மட்டும்தான் தெரியும். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்து, வாயு என்று பூண்டு சாப்பிட்டு, பிசியோதெரபி செய்து, நாலு மாதம் போன பிறகு பார்த்தால் நோய் இடுப்பில் இருக்கும். சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை, ஒரு பக்கக் கால் வெளிப்பக்கம் மடங்கவில்லை, இந்தியக் கழிப்பறையில் குந்தினால் உயிர் போகிறது, ராத்திரி படுத்தாலும் வலிக்கிறது. இதில் எது இருந்தாலும், கடந்த ஓரிரண்டு வருடத்தில் நுரையீரல் நோய்க்கு ஸ்டீராய்டு எடுத்திருந்தால், முதல் சந்தேகம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நாற்காலியில் உட்கார்ந்து, மேஜையில் சாப்பிட்டு, லிஃப்டில் இறங்குகிறவனுக்கு இடுப்பு மூட்டு கொஞ்சம் மடங்காமல் போனால் அது ஒரு தொந்தரவு. தரையில் உட்கார்ந்து தோல் வெட்டுகிறவருக்கு, தாராவியின் கும்பர்வாடாவில் மண்பாண்டச் சக்கரம் சுற்றுகிறவருக்கு, வீட்டுக் கதவடியில் குந்தி இட்லித் தட்டு அடுக்குகிற அம்மாவுக்கு அது பிழைப்பே போவது. மாடிக்கு ஏறுவது ஏணியில், தண்ணீர் தூக்குவது படியில், அவசரத்துக்குப் போவது குந்துகிற கழிப்பிடத்தில். செம்பூர் செட்டா நகர் முருகன் கோவில் படிகளில் வருடா வருடம் ஏறியவர் இந்த வருடம் கீழேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறார் என்றால் வீட்டில் “வயசாயிடுச்சு” என்பார்கள். முப்பத்தெட்டு வயசுக்காரருக்கு என்ன வயசாயிடுச்சு?

சாதாரண எக்ஸ்ரேயில் ஆரம்பகட்டம் தெரியாது. இதுதான் பெரிய சிக்கல். எலும்பு செத்து மாதக்கணக்கானாலும் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். “ஒண்ணுமில்லை, எல்லாம் நார்மல்” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். எக்ஸ்ரேயில் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டால், உருண்டையின் மேல்பக்கம் பிறைநிலா மாதிரி ஒரு கோடு விழுந்துவிட்டால், சரிவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

செத்த எலும்பு உடனே நொறுங்குவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. உடம்பு அதைப் பழுது பார்க்க வருகிறது. முதலில் வருவது கரைக்கும் செல்கள். அவை செத்த பகுதியை வேகமாக அரித்து எடுக்கின்றன, கட்டும் செல்களோ மெதுவாக வருகின்றன. இந்த இடைவெளியில்தான் உருண்டை பலம் இழந்து, நடக்கும்போது அதன்மேல் விழுகிற பாரத்தில் அமுங்கிப்போகிறது. நடக்கையில் இடுப்பு மூட்டில் இறங்கும் பாரம் நம் உடல் எடையைப் போல இரண்டரை, மூன்று மடங்கு. கரைக்கும் செல்களை மட்டும் கொஞ்ச நாள் அடக்கி வைத்தால் உருண்டை சரியாமல் தப்பிக்குமே என்ற யோசனையில்தான், எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கிற அலெண்ட்ரோனேட் மருந்தை இதற்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்த யோசனையை உலகில் முன்னோடியாகச் செய்து பார்த்தவர்களில் ஒருவர் இதே அகர்வாலா. 60 நோயாளிகளிடம் செய்த முதல் முடிவை 2005லேயே வெளியிட்டார், பிறகு எட்டு வருடம் வரை தொடர்ந்து பார்த்து 2009இல் மறுபடி எழுதினார். கொரோனா காலத்தில் அந்த மூவரைச் சீக்கிரம் கண்டுபிடிக்க முடிந்ததற்கு இந்தப் பழைய அனுபவமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எல்லோரும் இந்த மருந்தை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். தைவானில் ஒரு ஆய்வு நல்ல பலன் என்றது, அங்கேயே பின்னால் நடந்த பெரிய ஆய்வு வித்தியாசம் இல்லை என்றது. என் பார்வையில், ஆரம்ப கட்டத்தில் கொடுத்துப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது, சரிந்த பிறகு கொடுப்பதில் இல்லை.

எலும்பில் துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைப்பது இன்னொரு வழி. அதுவும் ஆரம்பத்துக்குத்தான். சரிந்துவிட்டால் மூட்டு மாற்று அறுவை. நல்ல சிகிச்சை, சந்தேகமில்லை. ஆனால் 2019இல் ‘லான்செட்’டில் வந்த கணக்குப்படி இருபத்தைந்து வருடம் தாங்குகிற செயற்கை இடுப்பு மூட்டுகள் ஏறக்குறைய 58 சதவீதம். எழுபது வயதில் மாற்றினால் அதோடு ஆயுள் ஓடிவிடும். முப்பத்தைந்தில் மாற்றினால் இரண்டாவது அறுவைக்கு இப்போதே தேதி குறித்த மாதிரி.

மும்பையில் இடுப்பு வலி என்றால் இன்னொன்றையும் நினைக்காமல் இருக்க முடியாது. காசநோய். அது வைரஸ் இல்லை, பாக்டீரியா. ஆனாலும் நுரையீரல் வழியாக வந்து முதுகெலும்பிலும் இடுப்பு மூட்டிலும் உட்கார்ந்துகொள்ளும். எடை குறைவு, மாலைக் காய்ச்சல், ராத்திரி வியர்வை இருந்தால் அதைப் பார்த்தாக வேண்டும். காசநோய் இருப்பது தெரியாமல் இருமலுக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் உள்ளே தூங்குகிற கிருமியை எழுப்பிவிட்டதாகும். பொட்டல மாத்திரையை நான் வெறுக்க இதுவும் காரணம்.

குழந்தைகள் விஷயம் வேறு, அங்கே பெரும்பாலும் நல்ல செய்திதான். மூன்றிலிருந்து பத்து வயதுக்குள், சளிக்காய்ச்சல் வந்து போன ஒன்றிரண்டு வாரத்தில் பிள்ளை திடீரென்று நொண்டும். இடுப்பு மூட்டின் உள்சவ்வு தற்காலிகமாக வீங்குவதால் வருவது. ஓய்வும் சாதாரண வலி மருந்தும் போதும், ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும். ஆனால் கடும் காய்ச்சலோடு காலை ஊன்றவே முடியாமல் அழுதால் மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். அது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நொண்டல் வாரக்கணக்கில் நீடித்தால் பெர்த்தஸ் நோயா என்று பார்க்க வேண்டும். அதுவும் தொடையெலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் வருவதே. மேற்குக் கடற்கரையில், உடுப்பிப் பக்கம் அது அதிகம் என்று மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியின் பெஞ்சமின் ஜோசப் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

இங்கே மாட்டுங்காவில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்களுக்குக் கொஞ்சம். உங்களுக்கு ஏ.வி.என்.னைவிட எலும்புத் தேய்மானமும் விழுவதும்தான் எதிரி. நாலு நாள் காய்ச்சலில் படுத்தாலே தொடைத் தசை இளைத்துவிடும். ஐந்தாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குக் குளியலறைக்குப் போகும்போது தலை சுற்றும், கை பிடிக்க ஒன்றும் இருக்காது, விழுந்தால் தொடையெலும்பின் கழுத்து முறியும். கேஸ் ஷீட்டில் “விழுந்ததால் எலும்பு முறிவு” என்று எழுதுவோம். காய்ச்சல் அதில் இடம்பெறாது. நீடித்த இருமலிலேயே விலா எலும்பு விரிசல் விடுவதும் உண்டு. இருமும்போது பக்கவாட்டில் ஒரு புள்ளியில் சுருக்கென்று குத்தி, அங்கே தொட்டாலும் வலித்தால் அதுவாக இருக்கலாம். ஆகவே வருடா வருடம் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி போட்டுக்கொள்வது எலும்புக்கும் நல்லது என்று நான் சொல்வதில் மிகை இல்லை. குளியலறையில் ஒரு கைப்பிடி வையுங்கள். இந்த ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, வெயில் படும் உடம்புக்குத்தான் பஞ்சம். மாடிக் கட்டட நிழலில் இருப்பவர்களுக்கும் தாராவிச் சந்தில் இருப்பவர்களுக்கும் இதில் வித்தியாசம் குறைவு. வைட்டமின் டி ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள், அளவு சின்னதாக இருந்தாலும், கால்சியமும் வைட்டமின் டியும் பற்றி மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். அவர்களுக்கு எலும்பு இழப்பு முதல் சில மாதங்களில்தான் வேகமாக நடக்கிறது.

வீட்டுக்குப் போய் யாரும் அவசரப்பட்டு எதையும் நிறுத்திவிடாதீர்கள். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் இழுக்கிறவர்கள் தொடர்ந்து இழுங்கள். அதில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு, மாத்திரையோடு ஒப்பிடவே முடியாது. அதை நிறுத்தி ஆஸ்துமா முற்றினால்தான் மாத்திரை ஸ்டீராய்டு தேவைப்படும். வாத நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து வரும். படிப்படியாகத்தான் குறைக்க முடியும், அதையும் கொடுத்த டாக்டர்தான் செய்ய வேண்டும்.

கடைசியாக, சயான் ஆஸ்பத்திரி வெளிநோயாளிப் பிரிவிலோ வேறெங்கோ வரிசையில் நின்று டாக்டர் முன்னால் உட்காரும்போது உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். “கால் வலிக்குது” என்று தொடங்காதீர்கள். “எனக்கு இந்த மாதம் நுரையீரல் தொற்று வந்தது, இந்த மருந்து இத்தனை நாள் சாப்பிட்டேன், இந்த இடத்தில் வலி” என்று கையை வைத்துக் காட்டுங்கள், சீட்டை நீட்டுங்கள். ஒரு பக்கம்தான் வலிக்கிறது என்றாலும் இரண்டு இடுப்பையும் சேர்த்துப் படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஸ்டீராய்டால் வருகிற ஏ.வி.என். பலருக்கு இரண்டு பக்கமும் இருக்கும். வலிக்காத பக்கம்தான் இன்னும் காப்பாற்றக்கூடிய நிலையில் இருக்கும்.

கேள்வி இருப்பவர்கள் கேட்கலாம். பழைய மருந்துச் சீட்டு கையில் இருப்பவர்கள் முதலில் வாருங்கள்.